சொல்லிக்கொண்டு போகிற தண்ணீர்

பவளமல்லி நகர் இரண்டாவது குறுக்குத் தெருவில் மழைத்தண்ணீர் சொல்லிக்கொள்ளாமல் போகாது. எவ்வளவு அடைமழையாக இருந்தாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கணம் நின்று, உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, விடைபெற்றுக்கொண்டுதான் நகரும். அந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. பெரிய மனிதர்கள் பலருக்கு இல்லாத பழக்கம் அது.

குறை, அது சொல்கிற சொல்லில் இருந்தது. முன்பெல்லாம் எல்லோரையும் போல "வரேன்" என்றுதான் சொல்லும். தெருவுக்குச் சிமெண்ட் போட்ட வருஷத்திலிருந்து "போறேன்" என்று சொல்ல ஆரம்பித்தது.

ஒரு வீட்டு வாசலில் நின்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் கண்காணாத தேசத்துக்குப் போனாலும் "வரேன்", மிஞ்சினால் "போய்ட்டு வரேன்". இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தவர்கள்தான் "போறேன்" என்பார்கள். அதையும் தண்ணீர் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னது. அதுதான் வத்சலாவுக்குப் பொறுக்கவில்லை. கோபித்துக்கொண்டவர்களையாவது சமாதானப்படுத்தலாம்.

வத்சலா தெருவின் தாழ்ந்த முனையில் மெஸ் நடத்துகிறவள். அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்து, கல்யாணம் செய்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு மட்டும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும், "அடுத்த தடவை வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்பாள். மேன்ஷனில் தனிக்கட்டையாக இருக்கிறவர்களிடமும் அதையே சொல்வாள். அவர்களும் "ஆகட்டும்க்கா" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

போறேன் என்று சொன்னவர்கள் போனவர்கள்தான். சிமெண்ட் போட்ட மறு கோடையிலேயே மெஸ்ஸின் போர்வெல் தண்ணீர் இளைத்தது. அதற்கடுத்த பங்குனியில் மோட்டாரைப் போட்டால் குழாயில் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. லாரித் தண்ணீர் வாங்கிப் பார்த்தாள். லாரித் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்று அடம் பிடித்தது. ரசம் பார்க்க ரசம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் வேறு மெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கோடை இப்படிப் போனால் கடையைக் கட்டிவிட்டு அருப்புக்கோட்டையில் தம்பி வீட்டு மாடியில் போய் உட்கார வேண்டியதுதான். தம்பி பெண்டாட்டி நல்லவள். ஆனால் இன்னொருத்தி அடுப்படியில் அவளைக் கேட்டுக் கேட்டுக் கரண்டி பிடிக்கிற வயதைத் தான் தாண்டிவிட்டதாக வத்சலா நினைத்தாள்.

சிமெண்ட் போடவைத்தவர் தணிகாசலம். தெருவின் மேட்டு முனையில், முதல் வீட்டில் இருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ரயில்வேயில், பிளாட்பாரத்தில் கூட்டம் தேங்காமல் பார்த்துக்கொள்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் விசில் இருந்தது. தண்ணீரோ, ஜனமோ, வந்தால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் முயற்சியால் தெருவில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு பிடி மண் தெரியாமல் சிமெண்ட் போட்டு, ஓரத்தில் கால்வாய் கட்டி, அது நேரே கடலுக்குப் போகும்படி செய்தார்கள்.

அந்த ஐப்பசியின் முதல் மழையன்று வத்சலா குடையைப் பிடித்துக்கொண்டு மெஸ் வாசலில் காத்திருந்தாள். பரிமாறுகிற செல்வின் பின்னால் நின்றான். நாகர்கோவில்காரன், முப்பது வயதுக்கு மேல் ஆகியும் அக்காவைக் கேட்காமல் அப்பளம்கூட உடைக்கமாட்டான். தண்ணீர் மேட்டு முனையிலிருந்து காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல வந்தது.

"கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்றாள் வத்சலா.

"எங்கம்மா உட்கார்றது?" என்றது தண்ணீர்.

வத்சலா தெருவைப் பார்த்தாள். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. செல்வின் உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். கூப்பிட்ட மரியாதைக்காகத் தண்ணீர் அதில் உட்கார்ந்தது. நாற்காலிப் பள்ளம் கொண்ட அளவுக்குத்தான் உட்கார முடிந்தது. மீதிப்பேர் சுற்றி நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உட்கார்ந்தவர்களுக்கும் நாற்காலி வழுக்கியது.

"நேரமாச்சு. போறேன்" என்றது தண்ணீர். போகிற அவசரத்தில் வாசலில் கிடந்த வாடிக்கையாளர் செருப்புகளை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

வத்சலாவுக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. அன்றைக்குச் சாம்பாரில் புளி போட மறந்தாள். செருப்பில்லாமல் வெறுங்காலோடு போனவர்களிடம்கூட வீட்டில் எல்லோரையும் கூட்டிவரச் சொன்னாள்.

பாத்திரம் கழுவி முடிந்ததும் செல்வினைக் கூப்பிட்டாள். "தப்பு நம்ம மேலதான்டா. வாய் வார்த்தையா உட்காருங்க உட்காருங்கன்னா எவன் உட்காருவான்? இலை போட்டாத்தான் உட்காருவான்."

மெஸ் தொடங்குமுன் அவள் கல்யாணங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள். மண்டபத்தில் நிற்கிறவரை எவ்வளவு உபசரித்தாலும், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டால் யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்துவிடுவார். மழைத்தண்ணீருக்கும் பந்தி வைப்பதென்று தீர்மானித்தாள்.

பந்தி வைக்கச் சிமெண்டை உடைக்க வேண்டும். அதற்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். மேட்டு முனைக்கு நடந்துபோனாள்.

"ஏம்மா வத்சலா, வந்தவங்களை வாசலோட அனுப்புறதுதான் நமக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது" என்றார் தணிகாசலம். "உட்கார வச்சுப் பாரு. அப்புறம் எழுப்ப முடியாது. எங்க மச்சினர் ஒருத்தர் எக்ஸாம் எழுதிட்டுப் போயிடறேன்னு வந்தாரு. அவர் பையன் எக்ஸாம் எழுதுறவரைக்கும் எங்க வீட்லதான் இருந்தாரு."

"மெஸ் வாசல் மட்டும் போதும் சார்."

"உன் வாசல் மட்டும்னா உன் பாடு."

வத்சலா ஆள் வைத்து மெஸ் வாசலில் தெருவோரத்துச் சிமெண்டைப் பெயர்த்தாள். அடியில் மண், வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டது. ஆழமாகத் தோண்டவில்லை. விளிம்பு சரிந்து நடு தாழ்ந்த தாம்பாளம் போல ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் பரிமாறுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் உடைத்த செங்கல், அதன்மேல் பருமணல், அதற்குமேல் மக்கிய இலையும் சாணமும் கலந்த மண். மேலே வெட்டிவேரும் கோரையும் கல்வாழையும் நட்டாள். சாப்பிடுகிறவர் மேலிருந்துதானே தொடங்குவார். முதலில் வேர், பிறகு மக்கு, பிறகு மணல், வயிறு நிறைந்த பிறகு மோருக்குப் பதில் செங்கல். முறை சரியாக இருக்கிறதா என்று செல்வின் இரண்டு தரம் சரிபார்த்தான்.

அடுத்த மழையில் தண்ணீர் வந்தது, பள்ளத்தைப் பார்த்தது, பேசாமல் உட்கார்ந்தது. வத்சலாவுக்கு மனசு நிறைந்தது. ஆனால் அந்த நிறைவு நீடிக்கவில்லை. மேட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மீதிக் கூட்டம் முழுவதும், உட்கார்ந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. சாம்பாரையே தாண்டாத ஆளின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பாரே, அந்த நிற்பு. எப்பேர்ப்பட்டவருக்கும் அதற்குமேல் சோறு இறங்காது. உட்கார்ந்திருந்தவர்கள் கூச்சப்பட்டுப் பாதியில் எழுந்தார்கள்.

"நல்லாத்தான் இருந்தது" என்றது தண்ணீர். கொஞ்சம் தயங்கியது. பிறகு, "போறேன்" என்றது.

அந்தத் தயக்கத்தை வத்சலா விடாமல் பிடித்துக்கொண்டாள். கூட்டம் பெரிது. ஒரு பந்தி போதாது. எல்லோரும் தாழ்ந்த முனைக்கு வந்து முட்டிக்கொள்ளாமல் தெருவின் தலைமாட்டிலிருந்தே உட்காரவைத்துக்கொண்டு வர வேண்டும். தலைமாட்டில் இருப்பதோ தணிகாசலம் வீடு.

வத்சலா போய்க் கேட்பதற்குள் அங்கே வேலை ஆரம்பமாகியிருந்தது. தன் வாசலில் வெறும் போறேன், மெஸ் வாசலில் நல்லாத்தான் இருந்தது என்கிற சேதி அவர் காதுக்கு எட்டியிருந்தது. மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்திருக்க மாட்டார்களே என்கிற பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று பள்ளம் எடுத்து, கொத்தனாரை வைத்து அடியும் சுவரும் பூசி, பூப்போட்ட டைல்ஸ் பதித்தார்.

"டைல்ஸ் வேண்டாம் சார்" என்றாள் வத்சலா.

"வீட்டுக்கு வர்றவங்களை மண்ணுலயா உட்காரச் சொல்றது?" என்றார் அவர்.

மழை பெய்தது. தண்ணீர் டைல்ஸில் உட்கார்ந்தது. மழை விட்டது. தண்ணீர் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் ஆனபோது அதன் முகம் பச்சையாகியிருந்தது. விருந்தாளியோடு வந்த விருந்தாளிகளாகக் கொசுக்கள் வேறு வந்து, சாயங்காலமானால் தணிகாசலத்தின் குடும்பம் மொத்தத்தையும் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டன.

அவர் அதுவரை மெஸ்ஸுக்குள் காலெடுத்து வைத்தவரில்லை. அன்று வந்து நின்றார். "நான் அப்பவே சொன்னேன்ல? எழுந்திருக்க மாட்டேங்குறாங்க. விசில்கூட அடிச்சுப் பாத்துட்டேன்."

வத்சலா கையைத் துடைத்துக்கொண்டு அவரோடு போனாள். பள்ளத்தின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "என்னங்க, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டாள்.

தண்ணீர் தணிகாசலம் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "இலை போட்டு உட்கார வச்சாரு. இன்னும் ஒண்ணும் வரலைம்மா. வாயைத் திறந்து கேக்கக் கூச்சமா இருக்கு."

தணிகாசலத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. எழுந்து போகாதவரை என்ன செய்வது என்று யோசித்தாரே தவிர, தன் வீட்டு வாசலில் ஒருவர் வெறும் இலைக்கு முன்னால் ஒரு வாரமாக வயிறு காய உட்கார்ந்திருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இதற்குமேல் ஒரு அவமானம் அவர் குடும்பத்தில் நடந்ததில்லை. உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். ஆளைக் கூப்பிடலாம் என்று அவர் மனைவி சொன்னதைக் கேட்கவில்லை. பூப்போட்ட டைல்ஸை அவரே உடைத்தார். வத்சலாவும் செல்வினும் செங்கல்லும் மணலும் மக்கும் கொண்டுவந்து முறைப்படி பரிமாறினார்கள். தண்ணீர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது. பொழுது சாய்வதற்குள் இலை காலியாகிவிட்டது. கொசுக்கள் தங்களை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்பிப் போயின.

"அடுத்த வாசல்லயும் போட்டுடுவோம்" என்றார் தணிகாசலம். சட்டை முழுக்க மண்ணாக இருந்தது. "எல்லா வாசல்லயும்."

செயலாளர் வீட்டிலேயே பந்தி நடந்துவிட்டது என்று தெரிந்ததும் தெருவில் யாரும் மறுக்கவில்லை. மேட்டிலிருந்து தாழ்வு வரை வாசலுக்கு வாசல் சிமெண்டைப் பெயர்த்துப் பள்ளம் எடுத்தார்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன வாய் விட்டார்கள். இங்கே இடம் நிறைந்துவிட்டால் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் அந்த வழியாக அடுத்த பந்திக்குப் போய்விடலாம். சில வீடுகளில் ஆசைக்குச் செம்பருத்தி வைத்தார்கள். ஒரு வீட்டில் பள்ளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு, ஏன் யாரும் சாப்பிட வரவில்லை என்று கேட்டார்கள். சுவரை எடுக்கச் சொன்னாள் வத்சலா.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. காலையிலேயே வானம் அடுப்புக்கரி பூசிக்கொண்டு நின்றது. ஊரில் மற்றத் தெருக்களில் தண்ணீர் கூடத்துக்குள் போய்க் கட்டில்களில் ஏறிப் படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. இங்கே தணிகாசலம் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் இறங்கினார். சட்டைப்பையிலிருந்த விசிலுக்கு வெகுகாலம் கழித்து வேலை வந்தது.

"இங்க நிறைஞ்சாச்சு, அடுத்த பந்தி, அடுத்த பந்தி. தள்ளாதீங்க, எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவர் மனைவி பார்த்ததில்லை.

பந்தி பந்தியாகத் தண்ணீர் உட்கார்ந்தது. முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கல்வாழை இலைகளை விலக்கிக்கொண்டு உட்கார்ந்து நிதானமாக, பேசிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மணல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. வத்சலா மேட்டுக்கும் தாழ்வுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கால்வாயில் தலையைக் காட்டக்கூட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

மழை ஓய்ந்தது. கடைசிப் பந்தி மெஸ் வாசலில் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்தது. அப்படி மடித்தால் திருப்தி என்று அர்த்தம். வத்சலா கரண்டியும் கையுமாக நின்றாள். எத்தனையோ கல்யாணங்களில் சம்பந்தி வீட்டார் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. இந்த ஒரு சொல்லில்தான் அவளுடைய கோடை இருந்தது, அடுப்பு இருந்தது.

தண்ணீர் அவள் முகத்தைப் பார்த்தது. "வரேம்மா" என்றது.

சொல்லிவிட்டு எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்திலேயே மெல்ல மண்ணுக்குள் இறங்கியது.

வத்சலா கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் மோட்டாரைப் போட்டாள். குழாய் ஒரு முறை கனைத்துக்கொண்டது. பிறகு தண்ணீர் வந்தது, கணீர் கணீரென்று அண்டாவில் விழுந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு மறுபேச்சுப் பேசாமல் வெந்தது. கோடைக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் வரப்போவதில்லை என்று அன்றே தம்பிக்குப் போன் செய்து சொன்னாள். மெஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் இரண்டாவது அப்பளம் கேட்காமலே போட்டாள்.

மறுநாள் மத்தியானம், மெஸ்ஸில் பாதி இடங்கள் நிறைந்திருந்த நேரத்தில், கால்வாய் வழியாகக் கடல் வந்தது. வாசலில் நின்று காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, உள்ளே எட்டிப்பார்த்தது.

"இந்தத் தெருவுலேர்ந்து நம்ம வீட்டுக்கு வழக்கமா வர்றவங்க இந்தத் தடவை ஒருத்தரும் வரலை" என்றது. "என்ன ஏதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எல்லாரும் இங்கயே சாப்பிட்டாங்க" என்றாள் வத்சலா. "வெயில்ல வந்திருக்கீங்க. உட்காருங்க."

"எத்தனை பேரு?" என்று உள்ளிருந்து கேட்டான் செல்வின். வாசலில் யார் வந்தாலும் அதைத்தான் கேட்பான்.

"நான் ஒரு ஆள்தான்" என்றது கடல்.

செல்வின் மூலையில் இடம் காட்டி ஒரு இலை போட்டான். வழக்கமாக முதலில் வைக்கிற உப்பை மட்டும் வைக்கவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். கடல் அவசரப்படாமல் சாப்பிட்டது. ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கியது, எந்தத் தண்ணீர் என்று விசாரித்தது, பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டது. முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தது. கை கழுவுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

தணிகாசலம் இப்போதெல்லாம் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார். வாசல் பக்கத்து இலையிலிருந்து அவர் கடலுக்கு வழிவிட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டார்.

"வரேம்மா" என்றது கடல்.

வத்சலா அண்டாவிலிருந்து சோறு அள்ளிக்கொண்டிருந்தாள். "நல்லதுங்க" என்றாள் நிமிராமல். "அடுத்த தடவை வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

கடல் வாசலில் நின்று யோசித்தது.

"ஆகட்டும்" என்றது. "நாளைக்கே கூட்டிட்டு வரேன்."

செல்வின் அரிவாளை எடுத்துக்கொண்டு வாழை இலை நறுக்கக் கொல்லைக்குப் போனான்.